கன்னியாகுமரியில் ரயிலை விட்டு இறங்கியதும் எங்கே உட்காரலாம்?

சென்னையிலிருந்து வரும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் காலையிலேயே நம்மைக் கொண்டுபோய் இறக்கிவிடும், ஆனால் லாட்ஜில் அறை கிடைக்கப் பெரும்பாலும் நண்பகல் ஆகிவிடுகிறது. நடுவில் இருக்கும் அந்தப் பொழுதை, முட்டிவலிக்கார அம்மாவை வைத்துக்கொண்டு எங்கே கழிப்பது என்பதுதான் கிளம்பும்போதே என் கவலை. ஓட்டலில் உட்காரலாம்தான், ஆனால் ஒரு காபியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்? காசு கொடுக்காமல், யாரும் எழுப்பிவிடாமல் உட்கார இடம் உண்டா என்று தேடியதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஸ்டேஷனையே சொல்கிறேன். தண்டவாளம் இதோடு முடிகிறது, அதனால் வண்டி வந்ததும் ஏறி இறங்கும் அவசரம் கிடையாது. திப்ருகருக்குப் போகும் விவேக் எக்ஸ்பிரஸ், நாட்டிலேயே அதிக தூரம் ஓடும் ரயில்களில் ஒன்று, கிளம்புவது இங்கிருந்துதான். பெரிய பெரிய மூட்டைகளோடு குடும்பம் குடும்பமாகக் காத்திருப்பவர்களைப் பார்க்கலாம். வயதானவர்கள் கூட இருந்தால் முகம் கழுவி, டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பிளாட்பார பெஞ்சிலேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏனென்றால் வெளியே வந்தால் கடற்கரை வரைக்கும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நல்ல கால் உள்ளவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கு நடுவில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது, கிடைத்ததோ இன்னும் திறக்காத கடைகளின் படிதான். இத்தனை பேர் வந்து போகும் ஊரில், அந்தச் சாலையோரம் நிழலோடு நாலு சிமெண்ட் பெஞ்ச் போட்டால் எவ்வளவு பேருக்கு உதவும்!

கடலோரம் போய்விட்டால் கவலையில்லை. முக்கடல் சங்கமத்தில் கரையோரக் கல்மண்டபம்தான் என் முதல் தேர்வு. மேலே கல் கூரை, நாலு பக்கமும் காற்று, எதிரே விவேகானந்தர் பாறையும் 133 அடி உயர வள்ளுவரும். சூரியன் உதிக்கும் நேரத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது, ஆனால் உதயம் பார்த்த கூட்டம் சீக்கிரமே படகு வரிசைக்கோ இட்லிக்கோ கலைந்துவிடும், அப்புறம் தூணில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம். அம்மா தயங்கியபடி நின்றபோது, பாசி மாலை விற்கும் ஒரு பாட்டி, “சும்மா இரிம்மா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ” என்றார். அவர் சொன்னபடியே யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெயில் ஏறினால் காந்தி மண்டபத்துக்கு மாறிவிடுங்கள். 1948-இல் காந்தியின் அஸ்தியை இங்கே கடலில் கரைப்பதற்கு முன் மக்கள் பார்வைக்கு வைத்திருந்த இடத்தில் எழுப்பியது. அக்டோபர் 2 அன்று நடுப்பகலில் கூரைத் துளை வழியாக, அஸ்தி வைத்திருந்த இடத்திலுள்ள பீடத்தின் மேல் வெயில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். மற்ற நாட்களில் சத்தமில்லாத நிழல், அதுவே போதும். பக்கத்திலேயே காமராஜர் மணிமண்டபம், அங்கேயும் சற்று இளைப்பாறலாம்.

மீனவர் தெருப் பக்கம் உயரமாக வெள்ளையாகத் தெரியும் அலங்கார உபகார மாதா ஆலயத்தையும் விட்டுவிடாதீர்கள். திருப்பலி இல்லாத நேரத்தில் பெஞ்சில் அமைதியாக உட்காரலாம், அது வழிபாட்டு இடம் என்ற நினைப்போடு. பகவதி அம்மன் கோயிலை நம்பி மதியத்தை ஒதுக்க வேண்டாம், உச்சிக்கு நடை சாத்திவிடுவார்கள்.

ரயில் நாகர்கோவிலோடு நின்றுவிடுகிறதா? ஜங்ஷன் இருப்பது கோட்டாறு பக்கம். சவேரியார் பேராலயம் அங்கிருந்து தூரமில்லை, ஆட்டோவில் போய்விடலாம். இன்னும் நேரமிருந்தால் டவுனுக்குள் நாகராஜா கோயில் வரை போய் வாருங்கள். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு அலையாமல், கூட வந்தவர்களில் ஒருவர் பையோடு இருக்க, மற்றவர் போய் வருவதுதான் வசதி.