பேண்டு போட்டியை எங்கிருந்து பார்ப்பது

2025 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு, பெருந்துறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, பால் ஊற்ற வந்தவர், "கிரிக்கெட்டுங்களா?" என்று கேட்டார். பேண்டு போட்டி என்றேன். "பேண்டு செட்டுல போட்டி வெச்சா யாருங்க பாக்கறாங்க?" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். சிரித்துக்கொண்டே கேட்ட கேள்விதான் என்றாலும், அன்று முழுவதும் அது என்னை விடவில்லை.

நம் பக்கம் பேண்டு என்றால் கல்யாண ஊர்வலம், தேர்த் திருவிழா, ஜனவரி 26 அன்று மைதானத்தில் நடக்கும் அணிவகுப்பு, அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தது டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க அமைப்பின் இறுதிப்போட்டி. 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டர் என்ற சிற்றூரில் முதல் பட்டத்துக்கான போட்டி நடந்தது. 2009 முதல் இண்டியானாபொலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் நடந்துவருகிறது. டிரம் கோர் எனப்படும் ஒரு குழுவில் 165 பேர் வரை இருக்கலாம், எல்லாரும் இளைஞர்கள். பித்தளைக் குழல்கள், டிரம் முதலான தாள வாத்தியங்கள், கொடிகள்தான் முக்கியம். கிளாரினெட், சாக்சபோன் போன்றவற்றுக்கு இடமில்லை. சுமார் 12 நிமிட நிகழ்ச்சிக்கு 100 மதிப்பெண்: மொத்தத் தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. நடந்துகொண்டே வாசிப்பவர்கள் தரையில் வரையும் வட்டமும் கோணமும் அலையும், அந்தக் காட்சி மதிப்பெண்ணுக்கு உரியவை என்பதால், நடுவர்களில் பெரும்பாலோர் ஸ்டேடியத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பார்கள். சுருங்கச் சொன்னால், இது மேலிருந்து பார்ப்பதற்காக அமைக்கப்பட்ட இசை.

இதை நான் அறிந்தது மிகவும் தாமதமாகத்தான். 1980களின் இறுதியில் கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிக்கூட பேண்டில் சைடு டிரம் அடித்தேன். முன்னால் போகிறவனின் பிடரியும், பக்கத்து வரிசைக்காரனின் முழங்கையும், பேண்டு மாஸ்டரின் விசிலும்தான் எனக்குத் தெரிந்த அணிவகுப்பு. வரிசை நேராக இருந்ததா என்பதை மைதானத்து ஓரத்தில் நின்ற யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. குடியரசு தின விழாவை முடித்துவைக்க ஜனவரி 29 அன்று டெல்லி விஜய் சவுக்கில் ராணுவ பேண்டுகள் வாசிக்கும் படைத் திரும்பல் நிகழ்ச்சியைத் தூர்தர்ஷனில் முதன்முதலாகப் பார்த்தபோது, கேமரா உயரத்துக்குப் போன அந்தச் சில விநாடிகளில், நாங்கள் தினமும் மாலையில் செய்துகொண்டிருந்த வேலைக்கு ஒரு வடிவம் இருக்கிறது என்பதை உணர்ந்து திகைத்தேன். அடுத்த நொடியே கேமரா இறங்கி ஒரு குழல் வாசிப்பவரின் கன்னத்தைக் காட்டத் தொடங்கிவிட்டது. அன்று தொடங்கிய என் மனக்குறை இன்றுவரை தீரவில்லை.

ஊடகம் மாறும்போதெல்லாம் இந்தக் கலையின் ஏதோ ஒரு துண்டு ரசிகனுக்குக் கிடைத்தது, வேறொரு துண்டு கைநழுவியது என்பதே நான் கவனித்தது. 1970களில் அமெரிக்க ரசிகர் ஸ்டேடியத்துக்குப் போக முடியாவிட்டால் அவருக்கு இருந்த வழி இசைத்தட்டு. அதில் ஒலி முழுமையாக இருந்தது, நடை இல்லை. 1970களின் நடுவில் பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சி இறுதிப்போட்டியை நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கியபோது, டிரம் கோர் என்ற சொல்லையே கேட்டிராத வீடுகளுக்குள்ளும் அது நுழைந்தது; ஆனால் இறுதி இரவு மட்டுமே உலகுக்குத் தெரிய, கோடைக்காலம் முழுவதும் சிற்றூர்களில் நடந்த போட்டிகள் உள்ளூர்க் கூட்டத்தோடு நின்றன. 2005இல் இஎஸ்பிஎன்2 வந்தது. போட்டி முடிந்து வாரங்கள் கழித்து, வாசிப்பவர்களின் வாழ்க்கைக் கதைகளை இடையிடையே செருகித் தொகுத்த நிகழ்ச்சி அது. விளையாட்டுச் சேனலுக்கு அப்படித்தான் வேண்டியிருந்தது போலும். அதே காலத்தில் ஆகஸ்டு முதற்சுற்றை அமெரிக்கத் திரையரங்குகளில் நேரடியாகக் காட்டினார்கள். பெரிய திரை, நல்ல ஒலி, பக்கத்து இருக்கைகளில் தன்னைப்போலவே ஒரு காலத்தில் டிரம் சுமந்தவர்கள்: ஸ்டேடியத்துக்கு அடுத்தபடி இந்தக் கலைக்கு அமைந்த நியாயமான இடம் திரையரங்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கோவையில் அப்படி ஒரு காட்சி வைத்தால் என்னையும் சேர்த்து எத்தனை பேர் வருவோம் என்பது வேறு விஷயம்.

இப்போது சந்தா கட்டினால் இணையத்தில் பருவம் முழுவதையும் பார்க்கலாம். தொலைக்காட்சி மறைத்துவிட்ட ஜூன், ஜூலைப் போட்டிகள் திரும்பக் கிடைத்தன. ஜூனில் தடுமாறிய ஒரு குழு வாரத்துக்கு வாரம் நடையைத் திருத்தி, ஆகஸ்டில் எப்படி வந்து நிற்கிறது என்பதைப் பெருந்துறையில் இருந்தபடியே பின்தொடர முடிகிறது. 1940இல் தொடங்கப்பட்ட பாஸ்டன் குருசேடர்ஸ் அந்த 2025 இறுதிப்போட்டியில்தான் முதல்முறையாகப் பட்டம் வென்றது. ஒரு பருவத்தைப் பின்தொடர்ந்தவனுக்கு அது வெறும் முடிவு அறிவிப்பாக இருக்காது. ஆனால் சந்தா என்பது ஒரு வேலி. ஏற்கெனவே பைத்தியமாக இருப்பவன் மட்டுமே பணம் கட்டி உள்ளே வருவான். சேனலை மாற்றிக்கொண்டே வந்து தற்செயலாக நின்றுவிடும் பார்வையாளன், அதாவது அன்றைய நான், இந்த ஏற்பாட்டில் கிடையாது.

தற்செயல் பார்வையாளன் இன்று வருவது யூடியூபின் வாகன நிறுத்தத்துக் காணொளிகள் வழியாக. ஸ்டேடியத்துக்குள் நுழையுமுன் டிரம் வரிசை வெளியே நின்று கை பழக்கும். ரசிகர்கள் சூழ்ந்துகொண்டு கைப்பேசியில் பதிவார்கள். உள்ளே படம் எடுக்கக் கட்டுப்பாடு, வெளியே தாராளம் என்பதால் நிகழ்ச்சியைவிட முன்தயாரிப்பே அதிகம் பரவுகிறது. குச்சியின் வேகத்தைக் கண்டு மெய்ம்மறந்தவர்களில் பலர் அந்த டிரம்காரர்கள் நடப்பதைப் பார்த்ததே இல்லை. நாதஸ்வரக் கச்சேரிக்கு வந்து சீவாளியைச் சரிபார்ப்பதை மட்டும் கேட்டுவிட்டுப் போவதுபோன்ற ரசனை இது. பாவம், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; கிடைத்தது அதுதான்.

உரிமைச் சிக்கல் இன்னொரு பக்கம். அமெரிக்கச் சட்டப்படி ஒருவர் இயற்றி வெளியான பாடலை ஒலியாக மட்டும் பதிந்து விற்பதற்கு நிர்ணயிக்கப்பட்ட தொகையைக் கட்டினால் போதும். அதையே படத்தோடு சேர்க்க வேண்டுமானால் உரிமையாளரிடம் தனியாகப் பேசி அனுமதி வாங்க வேண்டும், அவர் மறுக்கவும் செய்யலாம். அதனால் சில நிகழ்ச்சிகளின் காணொளிப் பதிவில் சில பகுதிகளுக்கு ஒலியே இல்லாமல் போனது. குழல்காரர்கள் எல்லாரும் வாயில் குழலை வைத்து நெஞ்சு விம்ம ஊதுகிறார்கள், சத்தம் இல்லை.

இதை வேடிக்கையாக அக்கா மகனிடம் சொன்னேன். பதினைந்து வயது, அவனும் பள்ளியில் சைடு டிரம்தான். அவன் சிரிக்கவில்லை. "எங்களுதுலயும் அப்படித்தானுங்க மாமா" என்று கைப்பேசியை நீட்டினான். சென்ற டிசம்பரில் ஈரோட்டுப் பக்கம் நடந்த பள்ளிகளுக்கிடையிலான பேண்டு போட்டியில் அவர்கள் அணி வாசித்ததை அவன் பள்ளி முப்பது விநாடி ரீலாக வெளியிட்டிருந்தது. பிள்ளைகள் மிடுக்காக நடக்கிறார்கள், டிரம் மேஜர் கோலைச் சுழற்றுகிறாள், பின்னணியில் ஓடுவதோ அந்த மாதம் எல்லார் ரீலிலும் ஓடிய ஒரு சினிமாப் பாட்டு. ஐந்து மாதம் மாலை வெயிலில் நின்று பழகிய வாசிப்பு ஒரு விநாடிகூட அதில் கேட்கவில்லை. அங்கே வழக்குக்குப் பயந்து அணைத்தார்கள். இங்கே யாரும் கேட்காமலே நாமே அணைத்துவிட்டோம். "முழுசா போட்டா யாருங்க மாமா பாப்பாங்க?" என்றான். பால்காரர் கேட்ட அதே கேள்வி.

அந்தப் போட்டிக்கு நானும் போயிருந்தேன். கூட்டத்துக்குக் குறைவில்லை, பெற்றோர், அப்பாரு, அம்மாயி என்று சாமியானா நிறைந்திருந்தது. ஆனால் எல்லாக் கையிலும் கைப்பேசி, எல்லாத் திரையிலும் ஒரே ஒரு பிள்ளை. தன் பிள்ளை தாண்டியதும் கை இறங்கிவிடுகிறது. நானும் அதைத்தான் செய்தேன் என்பதால் உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை.

கேமரா எப்போதும் கெடுக்கத்தான் செய்யும் என்றும் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடக்கும், பைக்குழல் வாசிக்கும் அணிகளுக்கான உலக பைப் பேண்டு போட்டியில் வாசிப்பவர்கள் வட்டமாக உள்நோக்கி நிற்பதால், நேரில் போனவருக்கு முதுகுதான் தரிசனம். பிபிசி ஸ்காட்லாந்தின் இணைய ஒளிபரப்பில் பார்த்தவருக்கோ விரல்களே தெரிந்தன. ஜப்பானின் கியோட்டோ தச்சிபானா பள்ளி பேண்டு 2012இலும் 2018இலும் கலிபோர்னியாவின் புத்தாண்டு ஊர்வலமான ரோஸ் பரேடில் ஆடிக்கொண்டே வாசித்துப் போனபோது, சாலையோரம் காத்திருந்தவருக்கு அது கண்முன் கடந்த சிறிது நேரம்தான். கூடவே நடந்த ரசிகர்கள் எடுத்த நீண்ட பதிவுகளை உலகம் முழுவதும் உட்கார்ந்து பார்த்தார்கள். முழுதாகப் போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற பேச்சை அந்தப் பதிவுகளுக்குப் பின் நான் நம்புவதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், நம் பக்கத்து நாட்டுப்புற ஆட்டமான வள்ளி கும்மி இருக்கிறது. 2024இல் மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் ஐயாவுக்கு அதற்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவர் அவர். இன்று கொங்கு ஊர்களில் அரங்கேற்றம் என்றால் நேரலை எடுக்கும் பையன்கள் வந்துவிடுகிறார்கள். கோயில் திடலில் நூற்றுக்கணக்கானோர் வட்டங்களாகச் சுற்ற, மேடைக்கு மேலோ மாடியிலோ முக்காலி போட்டுக் கேமராவை நிறுத்திவிட்டு, பாட்டும் அடியும் ஆட்டமும் மூன்று மணி நேரமானாலும் வெட்டாமல் அனுப்புகிறார்கள். வெளியூரில் இருக்கும் சொந்தங்கள் கடைசிவரை பார்க்கிறார்கள். கலை நுட்பம் தெரிந்து அவர்கள் அப்படி வைக்கவில்லை, ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் ஒரே கேமராவை அசையாமல் விட்டுவிடுகிறார்கள். அணிவகுப்பு இசைக்கும் வேண்டியது அதுதான்.

ஆகவே இந்த ஜனவரியில், பள்ளி ஆண்டு விழாவுக்கு முன் நடந்த முழு ஒத்திகைக்கு, அப்படிப்பட்ட பையன் ஒருவனை நானே வாடகை பேசி அழைத்துப் போனேன். இரண்டாம் மாடித் தாழ்வாரத்தின் நடுத்தூணருகே கேமராவை வைத்து, தயவுசெய்து இதைத் தொடாதே என்று கேட்டுக்கொண்டேன். அவனுக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்திருக்கும். ஒலிவாங்கி மட்டும் கீழே, கொடிக்கம்பத்துப் பக்கம். பதினொரு நிமிடம். பார்த்தவர்கள் சில நூறு பேர், பெரும்பாலும் பெற்றோர்.

அன்று இரவு அக்கா வீட்டில் அதைத் தொலைக்காட்சியில் போட்டோம். பையன் முதலில் தன்னைத் தேடினான். அந்த உயரத்திலிருந்து யார் யார் என்று பிரித்தறிய முடியவில்லை. பிறகு பேசாமல் பார்த்தான். இரண்டு வரிசைகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடக்கும் இடம் வந்ததும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி ஓட்டினான்.

"மூணாவது வரிசை கோணலா போகுதுங்க மாமா" என்றான். "அது நாந்தான்."