குச்சி நட்டு உச்சி வேளை பார்த்த அனுபவம்

பிப்ரவரி 2, ஞாயிறு. மகள் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். அறிவியலில் ஒளி, நிழல் பாடம் நடக்கிறது. "பகல் பன்னிரண்டுக்கு நிழல் ரொம்பக் குட்டையா இருக்குமாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, உறுதிப்படுத்த ஃபோனை எடுத்தேன். "வேணாம்பா, நாமளே பாக்கலாம்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில்தான் இது தொடங்கியது. அன்றே ஒரு விதியும் போட்டுக்கொண்டோம்: முதலில் ஊகம், அப்புறம் அளவு, கடைசியில்தான் ஃபோன்.

துணி காயப்போடும் மூங்கில் கழி ஒன்று விரிசல் விட்டுக் கிடந்தது. அதை அறுத்து, காலி மைலோ டின்னில் சிமெண்ட் குழைத்து நட்டேன். தரையிலிருந்து நுனிவரை 50 செ.மீ. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்துக் கூடைப்பந்துத் திடலில் கொண்டுபோய் வைத்தோம். 12 மணிக்கு நிழல் 25 செ.மீ. 1 மணிக்கு 17. குட்டையாகிக்கொண்டே போகிறது! 1:30-க்கும் கிட்டத்தட்ட அதே 17. இடையில் எந்த நிமிடத்தில் மிகக் குட்டை என்று பிடிக்கவே முடியவில்லை. அந்த நேரத்தில் நிழல் அசைவதே தெரிவதில்லை.

பிப்ரவரி 8, சனி. ஊரில் என் தாத்தா கொத்தனார். மனை போடும்போது சங்கு, அதாவது நிழல் பார்க்கும் குச்சி, நட்டுத் திசை பிடிப்பார். சிறுவயதில் பார்த்தது வாரம் முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது. குச்சியைச் சுற்றி ஒரு வட்டம். காலையில் நிழல் நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் வெளியேறும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. சரி, அதே இரண்டு புள்ளிகளின் நேரத்துக்கு நடுவில்தானே உச்சி வேளை இருக்க வேண்டும்?

குச்சியில் நூல் கட்டி, சாக்பீஸால் 20 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்தோம். தூக்குக்குண்டு வைத்துக் கழி நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். நுழைந்தது 12:21. வெளியேறியது 2:17. நடு நேரம் 1:19. மகள் மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

புளோக்கில் கீழ்வீட்டு ஹாஜியார் அந்தப் பக்கம் வந்தார். "என்ன தம்பி, வெயில்ல?" என்றார். சொன்னேன். "லுஹர் வக்து, அதான் மதியத் தொழுகை நேரம், இப்போ ஒன்னு இருபது சொச்சம். சூரியன் உச்சி சாய்ஞ்சாத்தானே லுஹர். நவம்பர்ல பாருங்க, ஒரு மணிக்கு முன்னாலயே வந்துடும்." நாங்கள் ஒரு வாரம் அல்லாடித் தேடியது அவருக்கு அன்றாடம். "எண்பத்திரெண்டு பிறந்தப்போ கடிகாரத்தை அரை மணி முன்னாடி தள்ளிவச்சோம், தெரியுமா பாப்பா?" என்று மகளிடம் சொன்னார். அவள் வாய்பிளந்து கேட்டாள். கேள்வி கையில் இருக்கும்போது கிடைக்கும் பதிலுக்கு இருக்கும் ருசியை அன்று அவள் முகத்தில் பார்த்தேன்.

அப்புறம்தான் ஃபோன். மலேசியா தன் தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் வைத்தபோது, 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரும் அதோடு சேர்ந்துகொண்டது. நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் இருப்பதோ 103.8-இல். பாகைக்கு 4 நிமிடம் என்றால் உச்சி வேளை ஏறக்குறைய 65 நிமிடம் தாமதம். பதினான்கு வருடமாக இங்கே இருக்கிறேன். 12 மணி வெயிலை உச்சி வெயில் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 22, சனி. மேகம். ஒன்றும் நடக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு. பூமத்தியரேகைக்கு ஒன்றரைப் பாகைகூட வடக்கே இல்லை நாம். ஆகவே சூரியன் பூமத்தியரேகைக்கு நேர்மேலே வரும் மார்ச் 20, 21 தாண்டி இரண்டு மூன்று நாளில் நமக்கும் சூரியன் நேரே தலைக்கு மேல் வரும். சென்னைக்கு இது ஏப்ரல் 24 வாக்கில்தான். 1:05-க்கு மேகம் விலகியது. 1:11-க்குக் கழியின் நிழல் டின்னின் மேலேயே சுருங்கி மறைந்தது. டின்னுக்கும் நிழல் இல்லை. மகள் அசையாமல் நின்று தன் காலைச் சுற்றிப் பார்த்தாள். வேலிக் கம்பிகள், கூடைப்பந்துக் கம்பம் என்று ஒவ்வொன்றாக ஓடிப்போய்த் தொட்டாள். நான் படம் எடுக்கவே மறந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி. உச்சி நிழல் 20 செ.மீ. ஆனால் இந்த முறை தெற்குப் பக்கம்! பிப்ரவரியில் வடக்கே விழுந்த நிழல் இது. "சூரியன் நம்மளத் தாண்டிப் போயிடுச்சு" என்றாள். அவளே சொன்னது, நான் விளக்கவில்லை.

நேரமும் மாறியிருந்தது: 1:06. தீர்க்கரேகைக் கணக்கு 65 நிமிடத்தைச் சொல்லிவிட்டது. பிப்ரவரியில் அதற்கு மேலும் 14 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். பூமியின் சாய்வும் அதன் நீள்வட்டப் பாதையும் சேர்ந்த வேலை அது. நாக்கு நுனிவரை வந்ததை அடக்கிக்கொண்டு, "நீ என்ன நினைக்கிற?" என்றேன்.

ஹாஜியார் சொன்னதை வைத்து நவம்பர் 2-க்கு 12:50 என்று ஊகம் எழுதி, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். காரணம் எழுத வேண்டிய இடம் இன்னும் காலியாக இருக்கிறது.