கஞ்சி வேகும் நேரமும் பிள்ளைகள் ஓதும் நேரமும்

ரமலானில் அஸர் (பிற்பகல்) தொழுகைக்கும் மஃக்ரிப் (சூரியன் மறைந்ததும்) தொழுகைக்கும் இடையில் அடுப்படியில் இரண்டு வேலை சேர்ந்தே நடக்கும். ஒரு பக்கம் நோன்புக் கஞ்சி ஏற வேண்டும். இன்னொரு பக்கம் ஓதப்பள்ளியில் (குர்ஆன் ஓதக் கற்கும் இடத்தில்) கொடுத்த பாடத்தைப் பிள்ளை ஒப்பிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் நன்றாகவே செய்யலாம், புதுப் பாடத்தை மட்டும் அடுப்படிக்குள் கொண்டு வராமல் இருந்தால். புதுப் பாடம் என்றால் பிள்ளையின் கண் எழுத்தில் இருக்க வேண்டும், நம் கண் பிள்ளையின் வாயில் இருக்க வேண்டும். வெங்காயம் கருகுகிறதா என்று பார்த்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. தவிர, முஸ்ஹஃபைத் (குர்ஆன் பிரதியை) தொட ஒளு (கை, முகம், கால் கழுவிச் சுத்தமாவது) வேண்டும். மசாலாக் கையும் எண்ணெய் தெறிப்பும் இருக்கிற இடத்தில் அதை விரித்து வைப்பது முறையல்ல. மனப்பாடமானதை ஓதத்தான் ஒளு கட்டாயமில்லையே. ஆகவே அடுப்படியில் பழைய பாடம் போதும். புதுப் பாடம் பாயில் உட்கார்ந்துதான்.

முதலில் கஞ்சி. ஐந்தாறு பேருக்கு 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் பச்சரிசி நொய், கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒரு டீஸ்பூன் வெந்தயம் எடுத்துக் கழுவி 20 நிமிடம் ஊற வையுங்கள். கொத்துக்கறி 150 கிராம். பெரிய வெங்காயம் இரண்டு, தக்காளி ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, கேரட் ஒன்று. இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை டேபிள்ஸ்பூன். சிறு துண்டு பட்டை, கிராம்பும் ஏலக்காயும் இரண்டிரண்டு, நான்கு விரல் நீளத்துக்கு ரம்பை இலை, ஒரு கைப்பிடி மல்லி புதினா. மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன். அரைமூடித் தேங்காயில் கெட்டிப்பால் ஒரு டம்ளர், இரண்டாம் பால் இரண்டு டம்ளர்.

குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய், ரம்பை இலை, பிறகு வெங்காயம், அது வதங்கியதும் இஞ்சி பூண்டு விழுது. விழுதின் பச்சை வாடை போகும் முன் தக்காளியைப் போட்டுவிட்டால் அந்த வாடை கஞ்சி முழுக்க நின்றுவிடும். விழுது அடியில் பிடிக்கிற மாதிரி இருந்தால் ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள், அவசரப்பட வேண்டாம். தக்காளி, பச்சை மிளகாய், தூள், மல்லி புதினாவில் பாதி எல்லாம் சேர்ந்து எண்ணெய் பிரிந்ததும் கொத்துக்கறியைப் போட்டு உதிர்த்துக் கிளற வேண்டும். கறியைப் போட்டவுடன் தண்ணீர் ஊற்றினால் அது கட்டி கட்டியாகவே வெந்து போகும். நிறம் மாறி உதிரியாகும்வரை ஐந்து நிமிடம் பொறுங்கள். அதன்பிறகு கேரட், ஊறிய அரிசி பருப்பு வெந்தயம், இரண்டாம் பால் இரண்டு டம்ளர், தண்ணீர் ஆறு டம்ளர், உப்பு ஒன்றரை டீஸ்பூன்.

குக்கர் ஐந்து லிட்டராக இருக்கட்டும், பாதிக்கு மேல் நிறையக் கூடாது. நொய்யும் பருப்பும் பொங்கி நுரைக்கும். அந்த நுரை ஆவி போகிற துளையை அடைத்தால் ஆபத்து. மூடுமுன் ஒருமுறை கொதிக்கவிட்டு, மேலே வரும் நுரையை எடுத்து, அடியோடு ஒரு கிளறு கிளறிவிட்டு மூடினால் அடியும் பிடிக்காது. ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பதினைந்து நிமிடம். பிரஷர் தானாக அடங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். கஞ்சி தண்ணீர் மாதிரி இல்லை, தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் அடுப்படியில் இதை இரண்டு தடவை சொன்னாலும் தப்பில்லை.

இந்தப் பதினைந்து நிமிடமும் பிரஷர் அடங்குகிற பத்து நிமிடமும்தான் ஓதுவதற்கு வாய்ப்பான நேரம். கிளறவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். ஏழெட்டு வயதுப் பிள்ளையாக இருந்தால் மல்லி புதினா ஆயச் சொல்லியோ பேரீச்சம்பழத்தைப் பிளந்து கொட்டை எடுக்கச் சொல்லியோ கைக்கு வேலை கொடுங்கள். கை வேலையில் இருந்தால் நாக்கு சீராக ஓடும். சும்மா உட்கார வைத்து "ஓது" என்றால் கண் வடைத் தட்டுக்குத்தான் போகும்.

குர்ஆனின் முதல் ஸூராவான (அத்தியாயமான) ஃபாத்திஹாவில் தொடங்கி, கடைசி ஸூராவான ஸூரத்துன் நாஸிலிருந்து பின்னோக்கி மேலே ஏறுங்கள். நாஸ் 6 ஆயத்து (வசனம்), ஃபலக் 5, இக்லாஸ் 4. வழியில் வரும் கவ்ஸர் 3 ஆயத்துதான். 25 நிமிடத்தில் சிறிய ஸூராக்களில் பத்துப் பன்னிரண்டை நிதானமாகக் கேட்டுவிடலாம். வேகமாக ஓதுகிறதே, நன்றாகப் பாடமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். தடுமாறும் இடத்தைப் பிள்ளைகள் வேகத்தில்தான் மறைப்பார்கள். ஒவ்வொரு ஆயத்திலும் நின்று ஓதச் சொன்னால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு ஃபாத்திஹாவில் தவறும் இடங்கள் அநேகமாக ஒன்றேதான். "அல்ஹம்து" என்பதில் வருவது பெரிய ஹே (ح). தொண்டையின் நடுவிலிருந்து உரசி வர வேண்டும். பிள்ளைகள் சின்ன ஹேயைப் (ه) போட்டு வெறும் மூச்சாக விட்டுவிடுவார்கள். "இய்யாக" என்பதில் ஷத்து (எழுத்தை இரட்டித்து அழுத்தும் குறி) உண்டு. யே எழுத்தை அழுத்தாமல் "இயாக" என்று நழுவவிட்டால் பொருளே கெட்டுவிடும். கடைசி ஆயத்தில் "அன்அம்த" என்பதை "அன்அம்து" என்று முடிக்கும் பிள்ளைகள் நிறைய. "நீ அருள்புரிந்தாய்" என்று அல்லாஹ்விடம் சொல்ல வேண்டியது "நான் அருள்புரிந்தேன்" என்று ஆகிவிடுகிறது. இதை மட்டும் அன்றைக்கே திருத்த வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. "வலள் ளால்லீன்" என்பதில் வரும் ளாத் (ض) எழுத்து நம் "ள" அல்ல. "பள்ளி" என்று சொல்லும்போது நாக்கின் நுனி மேலே மடங்குகிறதே, அது இங்கே ஆகாது. நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களை ஒட்டி அழுந்த வேண்டும். நாக்கின் ஓரம் அந்தப் பற்களில் படுகிறதா என்று பிள்ளையையே கவனிக்கச் சொல்லுங்கள், பிடிபட்டுவிடும்.

இதனால்தான் தமிழ் எழுத்தில் அச்சடித்த ஸூராக்களைப் பார்த்துப் பாடம் பண்ண வைப்பதை நான் ஏற்பதில்லை. பெரிய காஃபும் (ق) சின்ன காஃபும் (ك) தமிழில் ஒரே "க"தான். "குல் ஹுவல்லாஹு" என்பதைச் சின்ன காஃபில் ஓதினால் "சொல்" என்ற கட்டளை "தின்" என்று மாறிப்போகும். துஆக்களை (வேண்டுதல்களை) நினைவுபடுத்திக்கொள்ளத் தமிழ் எழுத்து உதவட்டும். குர்ஆனுக்கு உஸ்தாதின் (ஆசிரியரின்) வாயும் அரபு எழுத்தும்தான். வீட்டில் திருத்தத் தெரிந்தவர் இல்லையென்றால் எகிப்தியக் காரீ (குர்ஆனை முறையாக ஓதுபவர்) மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ ஓதிய பதிவைப் போட்டுக் கேட்கவிடுங்கள். இழுக்கும் அளவும் நிறுத்தும் இடமும் தெளிவாக இருக்கும், பிள்ளை கூடவே ஓதலாம்.

திருத்தும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தித் திருத்தினால் பிள்ளை அடுத்த சொல்லைச் சொல்லவே பயப்படும். ஆயத்தை முடிக்கவிட்டு, தவறிய சொல்லை மட்டும் நீங்கள் மூன்று முறை சரியாக ஓதிக் காட்டி, பிறகு அதை ஓதச் சொல்லுங்கள். பொருளை மாற்றும் தவறு தவிர மற்றவற்றில் ஒரு நாளைக்கு ஒன்று போதும். விருந்தாளிகள் முன்னால் ஓதிக்காட்டச் சொல்லிச் சங்கடப்படுத்த வேண்டாம். "ஓதி முடித்தால்தான் சமோசா" என்ற பேரமும் வேண்டாம். நோன்பு பிடித்திருக்கும் பிள்ளையிடம் அது இரக்கமற்ற பேச்சு.

பிரஷர் அடங்கியதும் மூடியைத் திறந்து மத்தால் ஓரளவு மசியுங்கள். முழுக்கக் கூழாக்கிவிடாதீர்கள், நொய் வாயில் தட்டுப்பட வேண்டும். இப்போது கெட்டிப்பால். தீயை நன்றாகக் குறைத்து, ஒரு பக்கமாகக் கிளறிக்கொண்டே ஊற்றி, ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழி தெரிந்தவுடன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் தனியே மிதக்கும். எலுமிச்சைச் சாற்றையும் பாத்திரத்தில் பிழியாதீர்கள். புளிப்பு பட்டாலும் திரியும். பிடித்தவர்கள் கோப்பையில் பிழிந்துகொள்ளட்டும். மீதி மல்லி புதினாவைத் தூவி மூடுங்கள். நோன்பு திறக்கும் நேரத்துக்குள் கஞ்சி இறுகிவிட்டால் வெந்நீர் அரை டம்ளர் விட்டுக் கலக்குங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் சேராமல் மேலே நிற்கும். ஸஹருக்கு (விடியுமுன் சாப்பாட்டுக்கு) வேண்டுமென்றால் கெட்டிப்பால் சேர்க்கும் முன்பே தனியே எடுத்து ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். பால் சேர்த்த கஞ்சி வெளியில் இருந்தால் ஸஹர்வரை தாங்காது.

உப்பு பார்ப்பது எப்படி? தேவை இருந்தால் நோன்பாளி நாக்கு நுனியில் ருசி பார்த்துவிட்டு விழுங்காமல் துப்பிவிடலாம், நோன்பு முறியாது. தேவையில்லாமல் அப்படிச் செய்வது மக்ரூஹ் (விரும்பத்தகாதது). நோன்பு பிடிக்காத சிறு பிள்ளை வீட்டில் இருந்தால் அதனிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வதே நல்லது. அந்த ஒரு கரண்டிக் கஞ்சியிலேயே மூன்று ஒழுக்கத்தைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்: பிஸ்மில்லாஹ், வலக்கை, சூட்டை ஊதாமல் ஆறும்வரை பொறுப்பது. பிஸ்மில்லாஹ் மறந்துவிட்டால் நினைவு வரும்போது "பிஸ்மில்லாஹி அவ்வலஹு வ ஆகிரஹு" என்று சொல்ல வேண்டும்.

சுப்ரா (உணவு விரிப்பு) விரித்து ஒரே ஸஹனில் (பெரிய தட்டில்) உட்காரும் வீடுகளில் பிள்ளையின் கை நடுவுக்கும் அடுத்தவர் பக்கத்துக்கும் போகும். நபி (ஸல்) அவர்களின் துணைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகன் உமர் இப்னு அபீஸலமா சிறுவராக இருந்தபோது அவருடைய கையும் இப்படித்தான் தட்டு முழுக்க அலைந்தது. நபி (ஸல்) அவர்கள் கையைத் தட்டிவிடவில்லை. "சிறுவனே, அல்லாஹ்வின் பெயரைச் சொல், வலக்கையால் சாப்பிடு, உனக்கு அருகில் இருப்பதிலிருந்து சாப்பிடு" என்றார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்பு நூல்களில் வரும் ஹதீஸ் (நபிமொழி). பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதும் இந்த மூன்று வாக்கியம்தான், இதே தொனியில். கஞ்சி பிடிக்கவில்லை என்று முகம் சுளிக்கும் பிள்ளைக்கு இன்னொரு ஹதீஸ் இருக்கிறது: நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை; விரும்பினால் உண்டார்கள், இல்லையென்றால் விட்டுவிட்டார்கள். இதைச் சமைப்பவரும் கேட்டுக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று விடும் உரிமையும் அதில் இருக்கிறது, வாயில் திணிக்கக் கூடாது.

பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. ஆனால் பழக்கலாம். ஆஷூரா (முஹர்ரம் பத்தாம் நாள்) நோன்பன்று ஸஹாபிகள் (நபித்தோழர்கள்) தங்கள் பிள்ளைகளையும் நோன்பு பிடிக்க வைத்து, பசியில் அழும்போது கம்பளியில் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம்வரை சமாளித்ததை நபித்தோழி ருபய்யிஃ (ரலி) அறிவிக்கிறார்கள். பிள்ளைக்குக் கவனம் மாற ஏதாவது வேண்டும் என்பது அதில் தெரிகிறது. தலைசுற்றல், வாந்தி, சோர்ந்து படுப்பது என்று கண்டால் உடனே திறக்க வையுங்கள், அதற்காகக் கேலி செய்யவும் விடாதீர்கள்.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், இல்லையென்றால் தண்ணீர். நோன்பு திறந்தபின் ஓதும் "தஹபள் ழமஉ" துஆவை ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபானிலேயே தொடங்கி மூன்று துண்டாகப் பிரித்துக் கொடுத்தால் தலைப்பிறைக்குள் பாடமாகிவிடும்: "தஹபள் ழமஉ", "வப்தல்லதில் உரூகு", "வ ஸபதல் அஜ்ரு இன்ஷா அல்லாஹ்". தாகம் தணிந்தது, நரம்புகள் நனைந்தன, அல்லாஹ் நாடினால் கூலி உறுதியானது என்று பொருளையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

குழம்பு சமைத்தால் தண்ணீரைக் கூட்டி வைத்து அண்டை வீட்டாரைக் கவனித்துக்கொள் என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழர் அபூதர் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். ஆகவே அளவு போடும்போதே கால் டம்ளர் நொய்யும் இரண்டு டம்ளர் தண்ணீரும் கூட்டிக்கொள்ளுங்கள், குக்கர் பாதிக்கு மேல் நிறையாதபடி பார்த்து. பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் தூக்குவாளியில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாமல், சூடு கொஞ்சம் தணிந்தபிறகு மூடி அனுப்புங்கள். கறி சாப்பிடாத வீட்டுக்கு என்றால் கொத்துக்கறியைப் பொறுக்கி எடுத்துவிட்டு அனுப்புவது சரியல்ல. அன்றைக்குக் கறி இல்லாமல் கேரட்டோடு பீன்ஸும் போட்டு எல்லோருக்கும் ஒரே கஞ்சியாக வைத்துவிடுங்கள்.