பிட்சர் கையில் மட்டை
பேஸ்பாலில் பந்து வீசுகிற பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க மட்டும் ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம், டெசிக்னேட்டட் ஹிட்டர், சுருக்கமாக டிஎச். அமெரிக்காவின் இரண்டு பெரிய லீக்குகளில் அமெரிக்கன் லீக் இதை 1973-லேயே கொண்டுவந்துவிட்டது. நேஷனல் லீக், கொரோனா வந்த 2020 சீசனைத் தவிர்த்தால், 2022 வரை அசைந்தே கொடுக்கவில்லை.

எனக்கு அந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடிக்கும். ஏழாவது இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், பிட்சர் அபாரமாக வீசிக்கொண்டிருக்கிறார், ஆனால் அடுத்து மட்டையோடு போக வேண்டியதும் அவர்தான். அவரையே அனுப்புவதா, இல்லை மாற்று ஆளை இறக்கி அவருடைய பந்துவீச்சை அத்தோடு இழப்பதா? மேனேஜரின் மண்டை அங்கேதான் வேலை செய்யும். 2016 மே மாதம் சான் டியேகோவில் பிட்சர் பார்ட்டோலோ கோலோன் 42 வயதில் தன் முதல் ஹோம் ரன்னை அடித்துவிட்டு, மட்டையைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் முதல் பேஸை நோக்கி ஓடினாரே, அதெல்லாம் இனி ஏது?

சரி, ஜப்பானில் இன்னும் மிச்சமிருக்கிறது. பசிபிக் லீக் 1975-லேயே டிஎச்சுக்கு மாறிவிட்டது, சென்ட்ரல் லீக் மாறவில்லை. ஆனால் அவர்களும் 2027 முதல் மாறுவதாக அறிவித்துவிட்டார்கள். பிட்சர் பேட் செய்வதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதற்குள் சென்ட்ரல் லீக் அணியான ஹான்ஷின் டைகர்ஸின் ஒரு ஆட்டமாவது பாருங்கள்.