குதிரைக் காலம்: டனீடின் நாட்குறிப்பு

செப்டம்பர் 3

மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. இரண்டு குப்பி. ரிசல்ட் வர எட்டு வாரம் ஆகுமாம்.

செப்டம்பர் 5

லீவு போட்டும் சும்மா இருக்க முடியவில்லை. இந்த நியூசிலாந்து ஊரின் அந்தக் கால வாரப் பத்திரிகை ‘ஒட்டகோ விட்னஸ்’, அதன் பழைய இதழ்களை மறுபடி திறந்துவிட்டேன். 1880களின் வசந்தம். செப்டம்பர் பிறந்தால் போதும், குதிரை விளம்பரங்கள் வந்து குவிந்துவிடும். வாசகமெல்லாம் ஒரே வார்ப்பு. இன்ன பொலிகுதிரை (பெட்டைகளைச் சினைப்படுத்த விடும் ஆண் குதிரை) இந்த சீசனில் தையரி சமவெளியைச் சுற்றி வரும். திங்கள் இந்த ஊர், செவ்வாய் அந்த ஊர். கட்டணம் இத்தனை கினி, ஒரே ஆள் இரண்டு மூன்று பெட்டைகளைக் கொண்டுவந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள். கூட நடந்து வரும் குதிரைக்காரனுக்குத் தனியே சில ஷில்லிங். பணம் ஜனவரி 1க்குள். அப்புறம் கடைசியில் தவறாமல் ஒரு வரி: பெட்டைகளை நன்றாகக் கவனித்துக்கொள்வோம், ஆனால் எதற்கும் பொறுப்பேற்க மாட்டோம்.

முந்தாநாள் நான் கையெழுத்துப் போட்ட தாளிலும் கிட்டத்தட்ட இதேதான் இருந்தது.

செப்டம்பர் 6

குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்கும் படிவம் தபாலில் வந்துவிட்டது. நான்கு பக்கம். மேசையில் கிடக்கிறது.

செப்டம்பர் 9

விளம்பரத்தில் படத்துக்குக் கீழே வம்சாவளி. தகப்பன் பெயர், அவன் தகப்பன் பெயர், அவன் எந்தக் கண்காட்சியில் என்ன பரிசு வாங்கினான், எல்லாம் விலாவாரியாக. தாய்க்கு வந்ததும் பேச்சு சுருங்கிவிடுகிறது. ‘தாய், இன்ன குதிரையின் மகள். பாட்டி, இன்ன குதிரையின் மகள்.’ அவ்வளவுதான். எப்போதாவது ஒரு ஜெஸ், ஒரு டார்லிங்.

இத்தனைக்கும் கிளைட்ஸ்டேல் என்ற இந்த உழவுக் குதிரை இனத்தின் ஆணிவேரே ஒரு பெட்டை. 1806இல் ஸ்காட்லாந்தில் பிறந்தது. இன்று உயிரோடிருக்கும் கிளைட்ஸ்டேல் குதிரைகளில் ஏறக்குறைய எல்லாவற்றின் வம்சத்திலும் அது இருக்கிறது. அதன் பெயர்? லாம்பிட்ஸ் பெட்டை. லாம்பிட்ஸ் என்பது வளர்த்தவருடைய பண்ணையின் பெயர். அது ஈன்ற குட்டிக்கு மட்டும் இரண்டு பெயர்: கிளான்சர், தாம்சனின் கருப்புக் குதிரை.

அந்த இனம் இந்த ஊருக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. 1848இல் ஒட்டகோவில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். களிமண் நிலம், கோதுமை, ஓட்ஸ். 1861இல் தங்கம் கிடைத்ததும் மலைக்கு மூட்டை இழுக்கவும் குதிரை வேண்டியிருந்தது. விளைந்த ஓட்ஸில் நல்ல பங்கை உழுத குதிரையே தின்றது.

செப்டம்பர் 14

அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன். அப்பத்தாவுக்குப் பெயர் என்ன?

“முத்தூர்க்காரின்னுதான் கண்ணு எல்லாரும் கூப்புடுவாங்க.”

“அது ஊரும்மா. பேரு?”

“எங்கூட்ல பாப்பான்னு கூப்புட்டாங்க. நான் அத்தைன்னு கூப்புட்டேன். பேரு இல்லாமயா இருக்கும்? எதுக்கு இப்ப?”

சும்மாதான் என்றேன். அம்மாவும் அதே முத்தூர்தான். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அம்மாவின் பெயர் சின்ன முத்தூர்க்காரி. இங்கே விளம்பரத்தில் பாதிக் குதிரைகளுக்கு ‘யங்’ இன்னார் என்று பெயர்.

செப்டம்பர் 15

இரண்டாம் பக்கம், ஏழாவது கேள்வி. பெற்றோர் ரத்த உறவா? ஆம் என்று டிக் அடித்தேன். என்ன உறவு என்று எழுத ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்பதை அந்தக் கோட்டுக்குள் இங்கிலீஷில் அடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வரைந்து பார்த்தால் அப்பா பக்கத்து வட்டமும் அம்மா பக்கத்து வட்டமும் ஒரே வீட்டில் போய் முட்டுகின்றன.

இரண்டு பொலிகுதிரைகள். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், பிறந்தது 1866, வம்சப் புத்தகத்தில் எண் 673. டார்ன்லி, பிறந்தது 1872, எண் 222. ஒன்றின் மகள்களை மற்றதோடு சேர்ப்பதுதான் அந்தக் காலத்துப் பெரிய வித்தை. சில தலைமுறை கழித்துப் பார்த்தால் எந்தக் குதிரையின் தாளிலும் இரண்டு பக்கமும் இதே இரண்டு பெயர்தான். பிரின்ஸின் பாட்டிகள் இருவருமே இங்கிலாந்துக்கார ஷயர் இனம் என்று ஒரு பேச்சும் உண்டு. வம்சப் புத்தகம் 1878இல்தான் வந்தது. அதற்கு முன்னால் எல்லாம் வாய்ச்சொல்.

டார்ன்லியின் தாய்க்குப் பெயர் இருக்கிறது. கெய்ர் பெக்கி. ஏனோ சந்தோஷமாக இருந்தது. கெய்ர் என்பதும் பண்ணைதான், இருந்தாலும் பெக்கி என்று ஒன்று ஒட்டியிருக்கிறதே.

செப்டம்பர் 21

வலிக்கிறது. தொட்டுப் பார்த்தால் வலிக்கவில்லை.

செப்டம்பர் 28

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியாயிற்று. இனி ஏப்ரல் வரை அம்மாவுக்கும் எனக்கும் ஏழரை மணி வித்தியாசம். ஏழரை! அம்மாவிடம் சொன்னால் சனிக்கிழமை எள்தீபம் போட ஆரம்பித்துவிடுவாள். சொல்லவில்லை.

அக்டோபர் 2

பழம்பேப்பர் தட்டச்சு செய்யும் எங்கள் குழுவில் மோஸ்கீல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இன்று ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே அவர் தாத்தா வைத்திருந்த பொலிகுதிரை அட்டை ஒன்று. உள்ளங்கையளவு, மடித்தது. மடிப்பில் கிழிந்து, பின்னால் பழுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. முன்பக்கம் மரக்கட்டைப் படம்: கழுத்து வளைந்து, வாலில் முடிச்சுப் போட்ட குதிரை. குளம்பு தெரியாத அளவுக்குக் காலில் மயிர். (இதே கட்டையை அச்சகக்காரர் எத்தனை குதிரைக்கு ஓட்டினாரோ.) உள்ளே வம்சாவளி. பின்பக்கம் பென்சில்.

பின்பக்கத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பண்ணைப் பெயர், பெட்டையின் நிறம், தேதி, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. சிலவற்றுக்கு இரண்டு குறி, இரண்டாவது சரியாக 21 நாள் தள்ளி. ‘பழுப்பு, உதைக்கும்.’ ‘சாம்பல், ஒரு கண்.’ பெட்டைக்கு மூன்று வாரச் சுழற்சி. அதனால்தான் பொலிகுதிரை அதே தடத்தில் மறுபடி மறுபடி வருகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் பெட்டையை நிறுத்தி மோப்பம் பிடிக்க விடுவார்கள். காதை மடக்கிக்கொண்டு கத்தி உதைத்தால் அநேகமாகச் சினை, பேசாமல் நின்றால் மறுபடி கட்டணும். ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, உதைதான் ரிப்போர்ட். அப்புறம் பதினொரு மாதம்.

இதையெல்லாம் குறித்தவன் குதிரைக்காரன். குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் நடந்து, ராத்திரி எவர் வீட்டுத் தொழுவத்திலோ படுத்தவன். அட்டையில் அவன் பெயர் எங்கேயும் இல்லை.

காங்கேயத்தில் பூச்சிக்காளை வீடு தேடி வராது, நாம்தான் மாட்டை ஓட்டிக்கொண்டு போகவேண்டும். அப்பாவோடு கிடாரியை ஓட்டிக்கொண்டு போன நினைவு இருக்கிறது. வேலாமரத்தடியில் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்.

அக்டோபர் 7

எரிச்சல். தூக்கமில்லை. படித்ததும் சண்டையைப் பற்றித்தான். பாரன் ஆஃப் புக்லைவி என்ற ஒரு குதிரைக்காக இரண்டு கூட்டாளிகள் பிரபுக்கள் சபை வரை வழக்குக்குப் போனார்கள். கடைசியில் 1911இல் ஏலம், 9500 பவுண்டு. சில வருடத்தில் ஒரு பெட்டை உதைத்துக் கால் முறிந்து, குதிரையைச் சுட வேண்டியதாயிற்று. எலும்புக்கூடு இன்னும் கிளாஸ்கோ கெல்வின்குரோவ் மியூசியத்தில் நிற்கிறது. உதைத்தது எந்தப் பெட்டை?

அக்டோபர் 8

நேற்று எழுதியதைப் படித்தேன். வேறு வேலை பார்க்கவேண்டும்.

அக்டோபர் 15

கோவாய் மரம் மஞ்சளாகப் பூத்துக் கொட்டுகிறது. காலையில் ஆலங்கட்டி, மதியம் வெயில்.

பொலிகுதிரைக்குக் கால்நடை மருத்துவர் சான்று வேண்டும் என்ற பேச்சு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலமாகிறது. குளம்புக்கு மேல் குருத்தெலும்பு இறுகிப்போவது, பின்னங்கால் மூட்டில் எலும்பு புடைப்பது, மூச்சு இரைவது, இதெல்லாம் வம்சத்தில் இறங்கும் என்று பட்டியல் போட்டார்கள். பெட்டையை யாரும் பரிசோதிக்கவில்லை. கணக்கு எளிது. பெட்டை வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும். பொலிகுதிரை ஒரு சீசனில் எண்பது, நூறு பெட்டையைக் கட்டும். அதன் குறை ஒரு தாலுகாவுக்கே போய்ச்சேரும்.

“அப்பா வழியிலும் வரும், எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள்” என்றாள் அன்று ரத்தம் எடுத்த பெண். அப்பா கடைசி வரை கிணற்றுமேட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர். ஒரு குறையும் கிடையாது. அவரிடமிருந்தும் வருமாம்.

அக்டோபர் 20

அம்மா: “குதிரை குதிரைங்கிறயே, அங்கிருந்து நம்மூருக்கு வந்துச்சா?” ஆஸ்திரேலியாவிலிருந்து மதராஸுக்குக் கப்பல் கப்பலாக வந்தது, ஆனால் பட்டாளத்துக்கு, சவாரிக் குதிரை என்றேன். “நமக்கெதுக்குச் சாமி, நம்மகிட்ட எருது இருந்துச்சு” என்றாள். பழையகோட்டைப் பட்டக்காரர் மாட்டைப் பற்றி அரைமணி நேரம். எந்தக் காளைக்கு எந்த மாடு தாய் என்பது வரை சொல்கிறாள்.

அக்டோபர் 23

தாத்தாவுக்கு 1911 பெருமை என்றார் மோஸ்கீல் பெரியவர். நியூசிலாந்து முழுக்க 4 லட்சத்துக்கு மேல் குதிரைகள் இருந்த வருஷம். அதற்குமேல் ஏறவில்லை. பிறகு யுத்தம், பத்தாயிரத்துக்கும் பக்கமாகக் கப்பலில் போய் நான்கே நான்கு திரும்பின. அதற்கப்புறம் டிராக்டர்.

அக்டோபர் 24

மருத்துவமனையிலிருந்து போன். நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுவிட்டது. ரிசல்ட் இல்லை, படிவத்தைப் பற்றி. பாட்டி பெயரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு நாளில் தருகிறேன் என்றேன். பெயர் தேவையில்லை என்றாள். எந்த வயதில் இறந்தார், எங்கே ஆரம்பித்தது, இது போதும்.

இந்த ஆறு வாரமும் வேண்டாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு போன் செய்தேன். “வயித்துல கட்டின்னாங்க. நாப்பது இருக்கும். உங்கப்பன் அப்ப ஸ்கூல் போயிட்டிருந்தாரு.” கொஞ்சம் இருந்து, “எதுக்குக் கேக்கற?” இந்தத் தடவை சும்மாதான் என்று சொல்ல வரவில்லை.

அக்டோபர் 25

சொல்லிவிட்டேன். அம்மா அழவில்லை. சாப்பிட்டயா என்று மூன்று தடவை கேட்டாள்.

அக்டோபர் 27

அண்ணன் பெட்டியைக் குடைந்து பழைய பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். பெருக்கிப் பெருக்கிப் பார்த்தேன். கைநாட்டு, நீல மசி, ரேகை நடுவில் வெள்ளையாக ஒரு வடு. கதிர் அறுத்த வடுவாக இருக்கலாம். பக்கத்தில் எழுத்தர் கையெழுத்தில்: கருப்பாத்தாள்.

படிவத்தில் வட்டத்துக்குள் எழுதினேன். கேட்கவில்லைதான். எழுதினேன்.

அக்டோபர் 29

நாளை 10.40. மழை என்கிறார்கள்.