அவித்த மாவும் அவியாத நஞ்சும்

"அமெரிக்கன் மாவை அவிச்சு அரிச்சுப்போட்டால் பிறகு என்ன பயம்?" கோதுமை மாவைப் பற்றி யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் கிடைக்கிற பதில் இதுதான். வண்டு, புழு, முட்டை விஷயத்தில் சரி, ஆவியில் எல்லாம் செத்துவிடும். ஆனால் நான் சொல்ல வந்தது உயிருள்ள எதையும் பற்றி இல்லை. வயலிலேயே கோதுமை மணிக்குள் ஒரு பங்கசு விட்டுப்போகும் நஞ்சைப் பற்றி. பங்கசு செத்தாலும் அது சுரந்த நஞ்சு அப்படியே இருக்கும், புட்டு அவிக்கிற சூட்டுக்கு மட்டுமல்ல, பாண் போறணைச் சூட்டுக்கும் பெரிதாக அசையாது.

பெயர் டிஒக்சிநிவலெனோல், சுருக்கமாக டொன். கோதுமை பூக்கிற நேரத்தில் மழையும் ஈரமும் சேர்ந்தால் பியுசேரியம் என்ற பங்கசு கதிரில் ஏறும், மணி சூம்பி வெளிறிப் போகும், சிலவேளை இளஞ்சிவப்பாகவும் தெரியும். மாவாக அரைத்த பிறகு கண்ணுக்கும் நாக்குக்கும் ஒன்றும் பிடிபடாது. அதிகமாகப் போனால் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றோட்டம். நாங்கள் நேற்றுச் சாப்பிட்ட கடைச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவோம். 1987இல் காஷ்மீரில் மழையில் நனைந்து பழுதான கோதுமையில் செய்த ரொட்டியைச் சாப்பிட்டு ஆயிரக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள், அந்த மாவில் டொன்னும் அதன் உறவுக்கார நஞ்சுகளும் இருந்தன. ரொட்டியை நிறுத்தியதும் குணமானார்கள். அது பெரிய அளவில் ஒரேயடியாக நடந்ததால் தெரியவந்தது. சிறிது சிறிதாகத் தினமும் போனால் யாருக்குத் தெரியும்?

இதில் எனக்கு உறுத்துவது ஒரு சின்னக் கணக்கு. உணவுச் சேர்க்கைகளை ஆராயும் உலக நிபுணர் குழு, தினமும் உடலுக்குள் போனாலும் தாங்கலாம் என்று டொன்னுக்கு வைத்த அளவு, உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மைக்ரோகிராம். எலிகளின் எடை கூடாமல் போன ஆய்விலிருந்து, நூறு மடங்கு பாதுகாப்பு விட்டு வந்த எண் அது. சர்வதேச நியமமான கோடெக்ஸ் மாவுக்கு அனுமதிக்கும் உச்சம் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம் மாவில் 1 மைக்ரோகிராம். 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 15 கிராம் மாவோடு கணக்கு முடிந்துவிடுகிறது, அது ஒரு முழு ரொட்டிகூட இல்லை. எல்லா மாவும் உச்சத்தில் இருக்காது, ஒருநாள் கூடினால் உடனே ஆபத்தும் இல்லை (ஒரே நாளுக்கென்று அந்தக் குழு வைத்த அளவு 8 மடங்கு). ஆனாலும் காலையில் பாண், இரவில் புட்டு, இடையில் ரோல்ஸ் என்று தின்கிற எங்கள் பிள்ளைகளுக்கு உச்சத்துக்குக் கீழேதான் என்பது போதுமான பதிலாக எனக்குப் படவில்லை.

இன்னொன்று, சீனிவருத்தக்காரர் எல்லாரும் இப்போது ஆட்டா மாவுக்கு மாறிவிட்டார்கள். நல்லதுதான், ஆனால் இந்த நஞ்சு மணியின் வெளித்தோலில்தான் கூடுதலாக நிற்கும், வெள்ளை மாவில் தவிட்டோடு ஒரு பங்கு கழிந்துவிடுகிறது. அதற்காக ஆட்டாவை விடச் சொல்லவில்லை. நார்ச்சத்தின் நன்மை பெரிது. தினமும் மூன்று வேளையும் கோதுமைதான் என்றிருப்பதைத்தான் விடச் சொல்கிறேன், குரக்கனும் அரிசிமாவும் எங்கள் சந்தையில் இல்லாத பொருளா?

வீட்டில் செய்யக்கூடியது இதற்கு மேல் அதிகமில்லை. கோதுமை இங்கே விளைவதில்லை, கப்பலில் வந்து திருகோணமலையிலோ கொழும்பிலோ அரைபடுகிறது, அதனால் சோதனை கப்பலிலும் ஆலையிலும்தான் நடக்க வேண்டும். 2021இல் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அஃப்ளாடொக்சின் என்ற இன்னொரு பங்கசு நஞ்சு இருப்பதாகச் செய்தி வந்தபோது நாடே கத்தியது. மாவுக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்கக் காணோம், இறக்குமதிக் கணக்குப்படி எத்தனை கப்பலில் டொன் பார்த்தார்கள், எவ்வளவு வந்தது என்பதை வெளியிட்டால் என்ன?

மாரிகாலத்தில் வீட்டில் பிடிக்கிற பூஞ்சணம் வேறு கதை, அது சேமிப்பில் வருவது. பச்சை படர்ந்த பாணில் அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடுவது சரிவராது, மென்மையான பாணுக்குள் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும். முழுதாக எறியுங்கள், கோழிக்கும் போடாதீர்கள்.