தனுஷ்கோடி ஓலைக் குடிசையும் கிர்கிஸ்தான் யர்ட்டும்

ராமநாதபுரம் பக்கம் போனால் மண்டபம், பாம்பன் எல்லாம் தாண்டி நேரே தனுஷ்கோடிக்குப் போய்விடுவேன். ராமேசுவரம் கோயிலும் தீர்த்தமும் மறுநாளைக்குத்தான். இந்த ஆவணியில் அண்ணன் மகனும் கூட வந்தான். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான். தெற்கே ஆண் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. வடக்கே பெண் கடல் குளம் மாதிரி கிடந்தது, வள்ளங்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். தார்ச்சாலையின் குறுக்கே மணல் ஓடிக்கொண்டே இருந்தது.

பழைய தேவாலயச் சுவருக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு மீனவர் தன் குடிசைக்கு ஓலை மாற்றிக்கொண்டிருந்தார். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்றார். இவன் வண்டியை விட்டு இறங்கி அங்கேயே நின்றுவிட்டான். "சித்தப்பா, இதப் பாருங்க. யர்ட் மாதிரியே எல்லாத்தையும் கயித்துலதான் கட்டியிருக்காங்க."

கிர்கிஸ்தான், மங்கோலியா மேய்ப்பர்கள் பிரித்து எடுத்துப் போகும் வட்டமான கம்பளிக் கூடாரம்தான் யர்ட். அவன் சொன்னது உண்மைதான். ஆணி அதிகம் இல்லை. கூரையைத் தாங்கும் சாய்வுக் கம்பான கைமரம் சவுக்கு, அதன் குறுக்கே மெல்லிய குச்சிகளாக வரிச்சு, மேலே தட்டையாக அழுத்தி வைத்த பனையோலை. வரிச்சோடு ஓலையைப் பனைநாரால் கட்டுகிறார். முடிச்சைப் போட்டு, காலை ஊன்றி ஒரு இழு இழுத்து, மிச்ச நாரை ஓலைக்கு அடியில் செருகிவிடுகிறார். கூரை முழுக்க ஓலை போட்ட பிறகு பழைய வலையை அப்படியே மேலே விரித்து, நான்கு பக்கமும் கயிறு விட்டு, மணலில் ஆழமாகப் புதைத்த முளைகளில் கட்டுகிறார். கூரையின் கீழ்விளிம்பான தாழ்வாரம் என் இடுப்பு உயரம்தான், குனிந்துதான் உள்ளே போகணும்.

"ஓலை போதாதாண்ணே, வலை எதுக்கு?" என்று கேட்டேன்.

"காத்து மேலேருந்து அமுக்காது தம்பி. கெளப்பும்."

கூரை மேல் வேகமாகப் போகும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. புயலில் கூரை பறப்பது பெரும்பாலும் இதனால்தான். தாழ்வாரம் தாழ்ந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து தூக்க இடம் கொஞ்சம். ஓலை இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசிவதால் உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசமும் குறைகிறது.

யர்ட்டின் கவலை வேறு. அதற்குப் பாரம் மேலிருந்து வருகிறது. இவன் மணலில் குச்சியால் வரைந்து அவருக்குக் காட்டினான். குறுக்கும் நெடுக்குமாக மடங்கி விரியும் மரச் சட்டம்தான் வட்டச் சுவர். அதிலிருந்து எழும் கைமரங்கள் எல்லாம் உச்சியில் ஒரு மர வளையத்துக்குள் செருகப்படும். அதை அவர்கள் துந்துக் என்கிறார்கள், கிர்கிஸ்தான் கொடியின் நடுவில் இருப்பதும் அதுதான். மேலே பனி ஏற ஏற, கைமரங்கள் உச்சி வளையத்தை நெருக்கும், அடிப்பக்கம் சுவரை வெளியே தள்ளும். சுவர் விரிந்துவிடாமல் அதைச் சுற்றிக் கட்டிய பட்டை பிடித்துக்கொள்கிறது, மாட்டுவண்டிச் சக்கரத்தை இரும்புப் பட்டா பிடித்திருப்பது போல. அந்தப் பட்டை தளர்ந்தால் வீடு போச்சு.

எவ்வளவு பனி தாங்கும் என்பது பனியின் குணத்தைப் பொறுத்தது. மங்கோலியாவில் குளிர் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகும், ஆனால் விழுகிற பனி உலர்ந்தது, அளவும் குறைவு. வட்டமான வீடு என்பதால் காற்று அதில் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போய்விடும். மிச்சம், உள்ளே அடுப்பு எரிகிற சூட்டில் அடி இளகிச் சரிந்துவிடும். ஈரப்பனி அப்படியில்லை. உலர்ந்த பனியைவிடப் பல மடங்கு கனம், கம்பளியோடு ஒட்டிக்கொண்டு உறைந்தும் போகும். அதிலும் ஒரே பக்கமாகக் குவிந்தால்தான் பெரிய ஆபத்து, ஏனென்றால் வளையம் சமமான பாரத்தைத்தான் நன்றாகத் தாங்கும். அடுப்பு அணைந்த, ஆள் இல்லாத யர்ட்டுக்குத்தான் அதிகப் பயம். மங்கோலியர்கள் வளையத்துக்கு அடியில் இரண்டு தூண் நிறுத்துகிறார்கள், கிர்கிஸ் யர்ட்டில் தூண் கிடையாது. அமெரிக்கா, கனடா பக்கம் பனி கொட்டும் இடங்களுக்கு விற்கிற யர்ட்களில் சுவர்த்தலையைச் சுற்றி எஃகு வடமும், கைமரங்களுக்கு அடியில் கூடுதல் முட்டுக்கால்களும் வைக்கிறார்கள். கூரையைப் பெருக்கித் தள்ளும் வேலை அப்போதும் மிச்சம்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மீனவர் ஒன்று கேட்டார். "ரொம்பப் பனி வந்தா அவுங்க என்ன செய்வாங்க?"

"கிர்கிஸ்தான்ல பனிக்கு முன்னாடியே பிரிச்சு எடுத்துட்டுக் கீழ வந்துருவாங்கண்ணே." 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் சோங்குல் ஏரிக்கரையில் கோடை முழுக்க யர்ட்கள் நிற்கும், செப்டம்பர் கழிந்தால் புல்வெளி காலி. முன்பு குதிரையிலும் ஒட்டகத்திலும் ஏற்றினார்கள், இப்போது லாரி.

அவர் தலையை ஆட்டினார். "நாங்களும் அதான். புயல்னு சொல்லிட்டா வலையும் பாத்திரமும் எடுத்துக்கிட்டு ராமேஸ்வரம் போயிருவோம். குடிசைய அப்பறம் கட்டிக்கலாம்."

என் மனதில் பதிந்தது இந்தப் பதில்தான். யர்ட்டோ குடிசையோ, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கணக்கில் இந்த விட்டுப்போகும் நேரத்தையும் சேர்க்காமல் பேசுவது சரியில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில் அப்படி விலக யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. கடல் ஊருக்குள் வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலே போய்விட்டது. ரயில் நிலையமும் பவளக்கல் தேவாலயமும் இன்றைக்கு மொட்டைச் சுவர்கள். காற்றுக்குக் கயிறு போதும். கடல் ஏறி வந்தால் கல்லும் நிற்காது.

இப்போது அங்கே சில குடிசைகளில் தகரம் ஏறியிருக்கிறது. வருஷா வருஷம் ஓலை மாற்ற வேண்டாம், ஆள் தேட வேண்டாம் என்கிற நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஆணி பிடுங்கிப் பறக்கும் தகரம் புயலில் கத்திதான். ஓலை பறந்தால் ஓலையோடு போகும். அவரிடம் கேட்டேன், அடுத்த தடவை தகரமா என்று. "உள்ள ஒக்கார முடியாது தம்பி, வெந்துருவோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஓலையை எடுத்தார். இவன் கீழே நின்று நாரை நனைத்து ஒவ்வொன்றாக மேலே நீட்டிக்கொண்டிருந்தான்.